₹62,000 மிச்சம் பிடிச்சேன், ₹5.31 லட்சம் பில் வந்துச்சு: பார்க்கிங் சீல் கோட் கணக்கு



போன வாரம் போட்ட எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுல ஒரு தம்பி கமெண்ட் பண்ணியிருந்தார்: "அண்ணா, எல்லாருக்கும் அட்வைஸ் சொல்றீங்களே, உங்க சொந்தக் காசுல நீங்க பண்ண பெரிய தப்பு என்ன?" நல்ல கேள்வி. ஷேர் மார்க்கெட்ல விட்டது, கிரிப்டோல விட்டதுன்னு ஏதாவது சொல்வேன்னு எதிர்பார்த்திருப்பார். உண்மையான பதில் வேற. என் பெரிய தப்பு ஒரு பார்க்கிங். தார் போட்ட பார்க்கிங்.

சிரிக்காதீங்க. உங்கள்ல முக்காவாசிப் பேர் மாசச் சம்பளக்காரங்க, பார்க்கிங் சொந்தமா வச்சிருக்கிறவங்க யாரும் இருக்க மாட்டீங்க. ஆனா இந்தக் கணக்கு உங்க பைக்குக்கும், பல்லுக்கும், நாளைக்கு வாங்கப்போற மனைக்கும் அப்படியே பொருந்தும். அதனால கடைசி வரைக்கும் படிங்க.

கதை இதுதான்

எங்க ஊர் உறுவையாறு. புதுச்சேரில வில்லியனூர் கொம்யூன். அப்பா ரிட்டயர் ஆன பணத்துல மெயின் ரோட்டை ஒட்டி நாலு கடை கட்டினார். கடைக்கு முன்னாடியும் பக்கவாட்டுலயும் வண்டி நிறுத்த 100 அடிக்கு 60 அடி இடம், அதாவது 6,000 சதுர அடி. 2018 டிசம்பர்ல அதுக்கு தார் போட்டோம். வாடகை இன்னைக்கு கடைக்கு 9,000, மொத்தம் மாசம் 36,000. அப்பா அம்மாவோட வருமானமே அதுதான்.

2022 ஏப்ரல்ல, தார் போட்டுக் கொடுத்த கான்ட்ராக்டர் அண்ணன் அந்தப் பக்கம் வந்தவர், தரையைக் காலால தேய்ச்சுப் பார்த்துட்டு அப்பாகிட்ட சொன்னார்: "சார், வெளுக்க ஆரம்பிச்சுடுச்சு. முடி மாதிரி வெடிப்பு விட்டிருக்கு. இப்பவே ஒரு சீல் கோட் அடிச்சு விட்டுடலாம். ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 62,000 ஆகும். மூணு வருஷம் கவலை இருக்காது."

அப்பா சரின்னுட்டார். நான்தான் வேண்டாம்னேன். "நல்லாத்தானே இருக்கு, எதுக்குப்பா கருப்பு பெயின்ட் அடிக்கிற மாதிரி ஒரு வேலைக்கு 62,000? அதை இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டா வளரும்." அப்பதான் பர்சனல் ஃபைனான்ஸ் புத்தகமெல்லாம் படிச்சு முடிச்ச சூடு. அப்பா ஒண்ணும் பேசல. பணத்தை என்கிட்ட கொடுத்தார், நானும் போட்டேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. சங்கராபரணி, தென்பெண்ணை ரெண்டுமே வெள்ளம். வில்லியனூர், பாகூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு அந்த வாரத்தை நான் ஞாபகப்படுத்தவே வேண்டாம். தண்ணி வடிஞ்ச பிறகு பார்த்தா, எங்க பார்க்கிங்ல பின்பக்கம் ஒரு 2,000 சதுர அடி ஜல்லியோட பேர்ந்து குழியா கிடக்கு. மீதி 4,000 சதுர அடி முழுக்க முதலைத் தோல் மாதிரி வெடிப்பு.

ஜனவரில கொட்டேஷன் வாங்கினோம். எல்லாம் சேர்த்து 5,31,000 ரூபாய். என்னோட 62,000 அதுக்குள்ள ஃபண்டுல சுமார் 84,000 ஆகியிருந்துச்சு. 22,000 லாபம் பார்த்த பெருமையோட அஞ்சு லட்சத்துக்கு வழி தேடினேன்.

முதல்ல, சீல் கோட்னா என்ன?

நாம எல்லாத்தையும் தார்னு சொல்றோம். ஆனா இன்னைக்கு ரோட்டுக்குப் போடுறது நிலக்கரித் தார் இல்ல, பிட்டுமின். கச்சா எண்ணெயை சுத்திகரிச்சு பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில நிக்கிற கெட்டிப் பொருள். அதனாலதான் கச்சா எண்ணெய் விலை ஏறினா ரோடு போடுற ரேட்டும் ஏறுது. கொட்டேஷன்ல "15 நாள் வரைக்கும்தான் இந்த ரேட்"னு போடுறாங்களே, காரணம் அதுதான்.

பிட்டுமினோட வேலை ஜல்லியை ஒட்டிப் பிடிச்சுக்கிறது. வெயிலும் காத்தும் பட்டுப் பட்டு அதுல இருக்கிற எண்ணெய்ப் பசை போயிடும். கருப்பு சாம்பல் நிறமாகும், அப்புறம் விறைப்பாகி வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியா தண்ணி அடியில இருக்கிற ஜல்லிப் படுகைக்குப் போகும். மேல வண்டி ஏறி இறங்க ஏறி இறங்க, உள்ள இருக்கிற தண்ணி பம்பு மாதிரி அழுத்தி ஜல்லியை ஒட்டுல இருந்து பிரிச்சுடும். அதுக்கப்புறம் குழி. பார்க்கிங்ல கூடுதலா ஒரு எதிரி உண்டு: நிக்கிற வண்டியில இருந்து சொட்டுற ஆயிலும் பெட்ரோலும். பிட்டுமினும் அதே குடும்பம்ங்கிறதால அதைக் கரைச்சுடும்.

சீல் கோட் இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே நிறுத்துற வேலை. மேற்பரப்புல மெல்லிசா பிட்டுமினும் பொடி ஜல்லியும் சேர்த்து ஒரு போர்வை மாதிரி போட்டு, தண்ணி உள்ள போகாம அடைச்சுடுறது. நம்ம கிராமத்து ரோடுகள்ல 20 மில்லிமீட்டர் கார்பெட் போட்டு அதுக்கு மேல சீல் கோட் போடுறதைப் பார்த்திருப்பீங்க.

அமெரிக்கா யூடியூப் வீடியோக்கள்ல வர்ற சீல் கோட்டிங் கொஞ்சம் வேற. அங்க கடை, மால் பார்க்கிங் எல்லாம் தார்தான். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை கருப்புக் கரைசலை ஸ்பிரே பண்ணுவாங்க, இல்லன்னா பிரஷ்ல இழுப்பாங்க. ரேட் சதுர அடிக்கு சென்ட் கணக்குலதான் பேசுவாங்க. அதுலயும் நிலக்கரித் தார் கலந்த வகையில புற்றுநோய் ஆபத்துள்ள ரசாயனங்கள் இருக்குன்னு டெக்சஸ்ல இருக்கிற ஆஸ்டின் நகரம் 2006-லயே தடை பண்ணிடுச்சு, வாஷிங்டன் மாநிலம் 2011-ல தடை போட்டுச்சு. அந்த வீடியோ ரேட்டை ரூபாய்க்கு மாத்தி நம்ம கான்ட்ராக்டர்கிட்ட பேரம் பேசாதீங்க. பொருளும் வேற, போடுற விதமும் வேற.

ரேட் எப்படி வருது? பிரிச்சுப் பார்ப்போம்

சாலை வேலைக்கான விவரக்குறிப்புல பிரீமிக்ஸ் வகை சீல் கோட்டுக்கு 10 சதுர மீட்டருக்கு 6.8 கிலோ பிட்டுமின், 0.06 கன மீட்டர் பொடி ஜல்லின்னு அளவு இருக்கு. இதை ஞாபகம் வச்சுக்கிட்டா உங்களை யாரும் ஏமாத்த முடியாது.

எங்க 6,000 சதுர அடி சுமார் 557 சதுர மீட்டர். இந்த வருஷம் சீல் கோட் மட்டும் அடிச்சா என்ன ஆகும்னு நான் அந்த அண்ணனோடவே உக்காந்து போட்ட கணக்கு:

• பிட்டுமின் சுமார் 380 கிலோ. கிலோ 50 ரூபாய்னு வச்சா 19,000.
• பொடி ஜல்லி 3.3 கன மீட்டர், அதாவது ஒரு யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. இறக்குகூலியோட 7,000.
• ஆள் கூலி, 10 பேர் ஒரு நாள்: 9,000.
• ரோலர், கலவை காய்ச்சுற மிஷின், லாரி: 12,000.
• முன்னாடியே வெடிப்பு அடைக்க, சின்னச் சின்ன ஒட்டு வேலைக்கு: 8,000.
• கான்ட்ராக்டர் லாபம்: 8,000.

மொத்தம் 63,000. அதுக்கு 18% ஜி.எஸ்.டி. 11,340. ஆக 74,340. சதுர அடிக்கு 12 ரூபாய் 40 பைசா.

இதுல ஒண்ணு கவனிங்க. பிட்டுமின் விலை மொத்தத்துல கால்வாசிதான். ரோலரும் லாரியும் 2,000 சதுர அடிக்கு வந்தாலும் அதே வாடகைதான். அதனால சின்ன இடத்துக்கு சதுர அடி ரேட் எகிறும். பக்கத்துல யாராவது ரோடு போடும்போது அதே மிஷினை ரெண்டு மணி நேரம் வாங்கிக்க முடிஞ்சா, பெரிய மிச்சம் அங்கதான். பிட்டுமின் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுறதுல 760 ரூபாய்தான் மிஞ்சும்.

இன்னொண்ணு, யாராவது இதுல பாதி ரேட் சொன்னா சந்தோஷப்படாதீங்க. பிட்டுமினைக் குறைச்சு, ஏதோ ஒரு எண்ணெயை ஊத்தி, கருப்பா பளபளன்னு காட்டிட்டுப் போயிடலாம். முதல் மழை வரைக்கும்தான் அந்த அழகு. வேலை நடக்கிற அன்னைக்கு எத்தனை கிலோ இறங்குச்சுன்னு பக்கத்துல நின்னு பாருங்க.

இப்ப என் தப்புக் கணக்கு

2022-ல நான் போட்ட கணக்கு: 62,000 செலவு பண்ணா பூஜ்யம், முதலீடு பண்ணா வளரும். இதுல என்ன தப்பு? செலவு பண்ணா எது தள்ளிப்போகும்ங்கிறதை நான் கணக்குலயே சேர்க்கல.

சரியான கணக்கு, அந்தப் பார்க்கிங் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு தின்னுதுங்கிறது. முழுசா புதுசா கார்பெட் போட இன்னைக்கு ரேட் சதுர அடிக்கு 55, ஜி.எஸ்.டி.யோட 3,89,400. எங்களுக்கு சீல் கோட் இல்லாம ஆறு வருஷம் உழைச்சுது. அப்ப வருஷத்துக்கு 64,900 ரூபாய்.

சீல் கோட்டுக்கு 74,340. அது கூடுதலா எத்தனை மாசம் உழைக்க வச்சா காசு திரும்பும்? 74,340-ஐ 64,900-ஆல வகுத்தா ஒன்றே கால் வருஷத்துக்கும் கம்மி, கிட்டத்தட்ட 14 மாசம். 7% வட்டியையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்ல.

அண்ணன் சொன்னது மூணு வருஷம். அவர் விக்கிறவர், நம்பிக்கையோடதான் சொல்வார். அதனால பாதியா வெட்டி ஒன்றரை வருஷம்னும் பார்ப்போம்.

• மூணு வருஷம் கூடினா: மொத்தச் செலவு 4,63,740, ஒன்பது வருஷம். வருஷத்துக்கு 51,500. மிச்சம் வருஷம் 13,400.
• ஒன்றரை வருஷம்தான் கூடினா: ஏழரை வருஷம். வருஷத்துக்கு 61,800. மிச்சம் வருஷம் 3,100.

அவ்வளவுதானா? ஆமா, அவ்வளவுதான். "சின்னச் செலவு பண்ணா லட்சம் லட்சமா மிச்சம்"னு தலைப்பு வச்சு வீடியோ போட எனக்கும் ஆசைதான். ஆனா கணக்கு அப்படி வரல. தார்ல கிடைக்கிற நேரடி மிச்சம் வருஷத்துக்கு மூவாயிரத்துல இருந்து பதிமூவாயிரம். அந்த 62,000 போட்டிருந்தா எல்லாமே தப்பிச்சிருக்கும்னு சொன்னாலும் பொய். பின்பக்கம் 2,000 சதுர அடியில வாட்டம் சரியில்ல, எப்பவும் தண்ணி தேங்கும். தண்ணி நிக்கிற இடத்துல எத்தனை கோட் அடிச்சாலும் நிக்காது. அது எப்படியும் போயிருக்கும். முன்பக்கம் 4,000 சதுர அடிதான் என் முடிவால போனது.

அப்ப நிஜமான நஷ்டம் எங்க?

தேதில.

நாங்க செலவு பண்ற நாளை நாங்க தேர்ந்தெடுத்திருந்தா, பிப்ரவரி, மார்ச்ல வெயில் காய்ஞ்ச ஒரு ஞாயித்துக்கிழமை வேலையை முடிச்சு திங்கள்கிழமை கடை திறந்திருக்கும். நாங்க தேர்ந்தெடுக்கல, அதனால பார்க்கிங்கே தேர்ந்தெடுத்துச்சு. அது தேர்ந்தெடுத்தது வடகிழக்குப் பருவமழைக்கு நடுவுல ஒரு புயல் நாளை.

அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. மழை முழுசா விட்டு ஈரம் காயாம தார் வேலை செய்ய முடியாது. புயலுக்கு அப்புறம் ஊர்ல எல்லாருக்கும் ரிப்பேர் வேலை, ஆள் கிடைக்கல, ரேட்டும் இறங்கல. பொங்கல் வரைக்கும் கஸ்டமர் வண்டியெல்லாம் ரோட்டுலயே நின்னுச்சு. ஒரு கடைக்காரர் பொறுத்துப் பார்த்துட்டு, "தப்பா நினைக்காதீங்க அய்யா, வியாபாரம் படுத்துடுச்சு"ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு காலி பண்ணிட்டார். அஞ்சு மாசம் அந்தக் கடை பூட்டியே கிடந்தது. 45,000 வாடகை போச்சு.

பணத்துக்கு அப்பா எஃப்.டி.யை பாதியில உடைச்சார். பாதியில உடைச்சா வட்டியில வெட்டு விழும்னு தெரியும்ல? மீதிக்கு என்னோட எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து ஒன்றரை லட்சம். அடுத்த மூணு மாசத்துல எனக்கு வேலை போயிருந்தா? யோசிக்கவே பயமா இருக்கு.

இங்கதான் என் கருத்து. அது எமர்ஜென்சியே இல்ல. ஆறு வருஷமான தார் தரை, வருஷா வருஷம் அக்டோபர்ல மழை வர்ற ஊர். இது நடக்கும்னு 2018-லயே தெரியும். தெரிஞ்ச செலவுக்கு நாங்க தேதி குறிக்கல, அவ்வளவுதான். எமர்ஜென்சி ஃபண்டைத் தின்னுற செலவுகள்ல பெரும்பாலானது இந்த மாதிரி தேதி குறிக்காத செலவுதான். பராமரிப்புக்குக் கொடுக்கிற காசுல நாம வாங்குற முக்கியமான பொருள், நமக்கு வசதியான ஒரு தேதி.

வரிச் சட்டமே சொன்னதை நாங்க கேட்கல

இதைச் சொன்னா அப்பாவுக்கே ஆச்சரியம். கடை வாடகை வீட்டுச் சொத்து வருமானம்னு கணக்காகும்போது, நகராட்சி வரி கட்டினது போக மீதியில 30% கழிவு நேரா கிடைக்கும். ரசீது வேண்டாம், ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் கிடைக்கும். எங்க வருஷ வாடகை 4,32,000. சொத்து வரியைச் சுலபத்துக்கு விட்டுட்டுப் பார்த்தா கழிவு 1,29,600. மாசம் 10,800.

அந்தக் கழிவு எதுக்கு? கட்டடத்தைப் பராமரிக்க ஆகும்னுதான். அப்பா ஆறு வருஷமா அந்தக் கழிவை எடுத்தார். அதுல இருந்து ஒரு ரூபா கூட ரிப்பேருக்குன்னு எடுத்து வைக்கல. இப்ப 5.31 லட்சம் செலவு பண்ணதுக்குத் தனியா கழிக்க முடியுமான்னு கேட்டா, முடியாது. அதான் 30% ஏற்கெனவே கொடுத்தாச்சே!

(சொந்தத் தொழிலுக்கே பார்க்கிங் பயன்படுத்துறவங்களுக்கு வேற கணக்கு. சாதாரண ரிப்பேரை அந்த வருஷமே செலவா காட்டலாம். புதுசா போடுறதை மூலதனச் செலவுன்னு எடுத்துக்கிட்டா, தேய்மானமா வருஷா வருஷம்தான் வரும். வருமான வரி விதிகள்ல ரோடும் கட்டடம்ங்கிற வகையிலதான் வருது. உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.)

இப்ப என்ன பண்ணியிருக்கோம்?

பின்பக்கம் 2,000 சதுர அடியில தாரே போடல. மண்ணை எடுத்து, ஜல்லிப் படுகை திரும்பப் போட்டு, வாட்டம் பார்த்து, சைடுல சின்னதா ஒரு வாய்க்கால் விட்டு, 80 மில்லிமீட்டர் பேவர் பிளாக் பதிச்சோம். ஜி.எஸ்.டி.யோட 2,71,400. தாராவே திரும்பப் போட்டிருந்தா 2,59,600 ஆகியிருக்கும். பன்னிரண்டாயிரம் அதிகம்தான், ஆனா நாளைக்கு ஒரு இடம் இறங்கினா அந்தக் கல்லை மட்டும் எடுத்துட்டு திரும்பப் பதிக்கலாம். இன்னொரு காரணம், டூ வீலர் எல்லாம் அங்கதான் நிக்கும். மே மாச வெயில்ல தார் இளகி, சைடு ஸ்டாண்டு உள்ள இறங்கி வண்டி சாயுறதை எங்க கடைக்காரங்க எத்தனை தடவை பார்த்திருப்பாங்க! சின்ன பார்க்கிங், நிறைய பைக், ஆயில் சொட்டுற இடம்னா தாருக்கு முன்னாடி பேவர் பிளாக்கை யோசிங்கன்னுதான் நான் சொல்வேன்.

முன்பக்கம் 4,000 சதுர அடிக்கு புது கார்பெட், 2,59,600. வேலை முடிஞ்ச அன்னைக்கே அப்பா சுவத்துல ஒரு தேதி எழுதி வச்சுட்டார்: "சீல் கோட் - 2029 பிப்ரவரி."

தேதி எழுதினா போதுமா? பணமும் நகரணும். 6,000 சதுர அடிக்கும் சேர்த்து வருஷம் 51,500-ன்னு மேல பார்த்தோம். மாசம் 4,300. பேவர் வேற கணக்குன்னாலும் அதே தொகையையே வச்சுக்கிட்டோம். வாடகைல இது 12%தான், 30% கழிவுல பாதி கூட இல்ல. அதை ரெண்டா பிரிச்சோம்:

• 1,500 ரூபாய்க்கு பேங்க் ஆர்.டி., நாலு வருஷம். கட்டினது 72,000, கைக்கு சுமார் 82,000 வரும். இது சீல் கோட்டுக்கு.
• 2,800 ரூபாய்க்கு போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. 6.7% வட்டில அஞ்சு வருஷத்துல சுமார் 2 லட்சம். அதை அப்படியே தொடர்ந்தா ஒன்பது வருஷத்துல சுமார் 4.1 லட்சம். இது அடுத்த கார்பெட்டுக்கு.

விலைவாசி ஏறும், அதனால வாடகை ஏத்தும்போதெல்லாம் ஆர்.டி.யையும் ஏத்தணும். "இதை மியூச்சுவல் ஃபண்டுல போட்டா இன்னும் வருமே"ன்னு கேக்காதீங்க. அதைத்தான் நானும் 2022-ல கேட்டேன். மழை வர்ற வருஷத்துல மார்க்கெட் இறங்கியிருந்தா? தேதி தெரிஞ்ச செலவுக்கு தேதி தெரிஞ்ச சேமிப்புதான்.

உங்களுக்கு இதுல என்ன?

ஒண்ணு, மனை. வில்லியனூர், உறுவையாறு, பாகூர் பக்கமெல்லாம் வாரா வாரம் ஒரு லேஅவுட் போர்டு முளைக்குது. "அகலமான தார் ரோடு வசதியுடன்"னு போட்டிருப்பாங்க. கருப்பா இருக்கிறதைப் பார்த்து மயங்கிடாதீங்க. கேளுங்க: அடியில ஜல்லிப் படுகை எத்தனை இன்ச்? மேல கார்பெட் எத்தனை மில்லிமீட்டர்? தண்ணி வடிய ரெண்டு பக்கமும் வாய்க்கால் இருக்கா? கொம்யூன் பஞ்சாயத்துகிட்ட ஒப்படைக்கிற வரைக்கும் பராமரிப்பு யாரோடது? கேட்டதை ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016 பிரகாரம், பதிவான திட்டத்துல கட்டுமானக் குறையோ வேலைத் தரக் குறையோ இருந்தா, ஒப்படைச்ச நாள்ல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள எடுத்துச் சொன்னா, புரமோட்டர் 30 நாளுக்குள்ள சொந்தச் செலவுல சரி பண்ணிக் கொடுக்கணும். இதை இலவசமா கிடைச்ச சீல் கோட்னு நினைச்சுக்கோங்க. மனை பார்க்க மழை நின்ன மறுநாள் போங்க, தண்ணி எங்க நிக்குதுன்னு மனையே சொல்லிடும்.

2000-ல தொடங்கின பிரதமர் கிராம சாலைத் திட்டத்துல, ரோடு போடுற கான்ட்ராக்டரே அஞ்சு வருஷம் பராமரிக்கணும்னு ஒப்பந்தத்துலயே சேர்த்திருக்காங்க. ரோட்டோர போர்டுல அந்தத் தொகையே தனியா எழுதியிருக்கும், அடுத்த தடவை பைக்கை நிறுத்திப் பாருங்க. கட்டும்போதே பராமரிப்புக்குக் காசு ஒதுக்கணும்ங்கிறது அரசாங்கத்துக்கே தெரிஞ்சிருக்கு. 2018-ல நாங்க ஒதுக்கல.

ரெண்டு, உங்க சம்பளம். ஒரு பேப்பர் எடுத்து, உங்ககிட்ட இருக்கிற, தேயுற பொருளையெல்லாம் எழுதுங்க. பைக், போன், லேப்டாப், பல், கண்ணாடி, ஊர்ல இருக்கிற வீட்டோட மொட்டை மாடி. ஒவ்வொண்ணுக்கும் நேரா மூணு விஷயம்: புதுசா மாத்த எவ்வளவு ஆகும், எத்தனை வருஷம் உழைக்கும், நடுவுல பராமரிக்க எவ்வளவு. முதலாவதை ரெண்டாவதால வகுத்தா வருஷச் செலவு வரும். பராமரிப்புச் செலவை அந்த வருஷச் செலவால வகுத்தா, எத்தனை மாசம் கூடுதலா உழைச்சா காசு திரும்பும்னு வரும்.

உதாரணத்துக்கு 90,000 ரூபாய் பைக், ஒன்பது வருஷம் உழைக்கும்னா வருஷத்துக்கு 10,000. ஒரு சர்வீஸ் 1,500 ரூபாய். அந்த சர்வீஸ் வண்டியோட ஆயுளை ரெண்டு மாசம் கூட்டினாலே போட்ட காசு வந்துடும். அதே வண்டிக்கு 6,000 ரூபாய்க்கு பளபளப்பு கோட்டிங் அடிக்கச் சொல்வாங்க. அது ஏழு மாசத்துக்கு மேல ஆயுளைக் கூட்டுமா? கூட்டாதுன்னா அது பராமரிப்பு இல்ல, அலங்காரம். பிடிச்சா பண்ணுங்க, ஆனா மிச்சம் பிடிக்கிறேன்னு சொல்லிக்காதீங்க. எந்தப் பராமரிப்பு தேவை, எது வியாபாரிக்குத் தேவைன்னு இந்த ஒரு வகுத்தல் காட்டிக் கொடுத்துடும்.

கடைசியா அந்த வருஷச் செலவையெல்லாம் கூட்டி 12-ஆல வகுங்க. வர்ற தொகைக்கு சம்பளம் வந்த மறுநாளே ஒரு ஆர்.டி. போடுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. அது வேலை போறதுக்கும் உடம்பு சரியில்லாம போறதுக்கும்.

அப்பா இன்னைக்கு வரைக்கும் "நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு வார்த்தை சொல்லல. புது கார்பெட் போட்ட அன்னைக்கு சாயங்காலம் ரோலர் போன பிறகு, சூடு ஆறாத தார் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். நான் போய் நின்னேன். "அந்த ஃபண்டுல இப்ப எவ்வளவுடா இருக்கு?"ன்னு கேட்டார். எல்லாத்தையும் எடுத்து இதுலதான்பா போட்டேன்னு சொன்னேன். "சரி விடு, வளர்ந்துதுல்ல"ன்னார்.

உங்க வீட்டுல தேதி குறிக்காம கிடக்கிற செலவு எதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல நாலஞ்சு பேரோட கணக்கை எடுத்து இதே மாதிரி வகுத்துப் பார்ப்போம்.